பன்னிரண்டு வோல்ட்

கணவன் வீட்டை விட்டுப் போன இருபத்து மூன்றாம் நாள், கணினி ஒரே காலையில் நான்கு முறை நின்றது.

அவளுடைய பிழைப்பே அந்தக் கணினியில்தான். வீடுகளுக்குச் சமையலறை அலமாரி செய்து பொருத்தித் தரும் ஒரு பட்டறைக்கு அவள் வரைபடம் போட்டுக் கொடுத்தாள். பட்டறைக்காரர் சுவர்களின் அளவை அனுப்புவார். அடுப்பு எந்தப் பக்கம், சிங்க் எந்த மூலை, மேலே எத்தனை கதவு, கீழே எத்தனை இழுப்பறை என்று கோடு போட்டு முடித்த பிறகு, அந்தச் சமையலறை கட்டி முடித்தால் எப்படி இருக்குமோ அப்படியே, நிழலும் வெளிச்சமும் பளபளப்புமாக ஒரு படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர்கள் சரி என்பார்கள்.

கோடு போடுகிறவரை கணினி சமர்த்தாக இருந்தது. படம் எடுக்கும் பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறிகள் இரையத் தொடங்கும். திரையின் அடியில் ஒரு பச்சைப் பட்டை பத்து, இருபது, முப்பது என்று நகரும். பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம். திரை கறுத்துவிடும். பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பின்பக்கத்துச் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போட்டால், எதுவுமே நடக்காதது போல எழுந்து வரும். ‘கணினி எதிர்பாராமல் நின்றுவிட்டது’ என்று ஒரு வரி மட்டும் சொல்லும்.

நான்காவது முறை நின்றபோது அவள் கோபப்படவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு கறுப்புத் திரையைப் பார்த்தபடி இருந்தாள். எத்தனை நேரம் என்று அவளுக்கே தெரியாது. அந்த நாட்களில் அப்படித்தான் இருந்தது. இரண்டு நாளைக்கு முன்னால் கூரியர்க்காரர் வந்து கையெழுத்து கேட்டார். போட்டாள். போட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள். "மேடம், பேனா" என்று அவர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் கொடுத்தாள்.

அக்கா தினமும் சாயங்காலம் போன் செய்தாள். எடுத்ததும் ஒரே கேள்விதான்.

"அழுதியாடி?"

"இல்லக்கா."

"உள்ளயே வச்சுக்காதடி. ஒரு பாட்டம் அழுதுட்டா சரியாயிடும்."

"கம்ப்யூட்டர் நின்னு நின்னு போகுதுக்கா."

"நான் என்ன கேக்கறேன், நீ என்ன சொல்ற?"

அழுகை வராமல் அடக்கிக்கொண்டிருக்கவில்லை அவள். உள்ளே போய்த் தேடிப் பார்த்தால் அங்கே அப்படி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

அவன் போனது ஒரு சனிக்கிழமை. சாப்பாட்டு மேசையில் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னான், அவளையும் தன் அப்பாவையும். முன்பு கூட வேலை பார்த்த பெண், இப்போது வேறு ஊரில் இருக்கிறாள், இரண்டு வருடமாகவே இப்படித்தான், இனிமேலும் மறைக்க முடியாது. கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு சூட்கேஸ் ஏற்கெனவே அடுக்கித் தயாராக இருந்தன. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மாமா?"

"அப்பா இப்போதைக்கு இங்கயே இருக்கட்டும். நான் ஒரு நிலைக்கு வந்ததும் கூட்டிட்டுப் போயிடறேன்."

மாமனார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நான்கு வருடமாக அவர்களோடு இருந்தார். மகன் போன மறுநாளிலிருந்து அந்த வீட்டில் விருந்தாளி மாதிரி ஆகிவிட்டார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். படுக்கையை மடித்து மூலையில் வைத்தார். ஃபேன் போடுவதற்குக்கூட, "போட்டுக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். ‘என்ன மாமா இது’ என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும். தோன்றுவதோடு சரி.

கணினியை யாரிடமாவது கொடுத்துப் பார்க்கலாம் என்றால், அந்த வாரம் ஒரு பெரிய வேலை. பதினான்கு வீடுகள் உள்ள ஒரு கட்டடத்துக்கு மூன்று மாதிரிச் சமையலறை. வெள்ளிக்கிழமை காட்ட வேண்டும். பெட்டியைத் தூக்கிக் கொடுத்தால் எப்போது திரும்பி வருமோ. ஒரு கடைக்குப் போன் செய்து கேட்டாள். அந்த மனிதர் பெட்டியைப் பார்க்காமலே, "மதர்போர்டு போயிருக்கும். பழசுக்கு செலவு பண்ணாதீங்க, புதுசே எடுத்துடுங்க" என்றார். அவள் நன்றி சொல்லிவிட்டு வைத்தாள்.

பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். அதுவரை அந்தப் பெட்டியை அவள் திறந்ததே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் சம்பாத்தியத்தில்தான் பாகம் பாகமாக வாங்கினார்கள். ஆனால் கோத்தது அவன். அதில் அவனுக்கு ஒரு பெருமை உண்டு. "உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி, நான் இருக்கேன்ல" என்பான்.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்துத் தகட்டைக் கழற்றினாள். சூடுதான் காரணமோ என்று முதலில் சந்தேகம். பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றால் விசிறிகளின் தூசியைத் தட்டினாள். மறுபடி ஓடவிட்டுச் சூட்டைப் பார்த்தாள். அறுபத்து நான்கு டிகிரி. அது ஒன்றும் அதிகமில்லை. பச்சைப் பட்டை நாற்பத்தொன்றில் நின்றது. வேறு அறையில், வேறு பிளக்கில் செருகிப் பார்த்தாள். முப்பத்தெட்டு. நினைவகத் துண்டுகள் இரண்டில் ஒன்றைக் கழற்றிப் பார்த்தாள், பிறகு மாற்றிப் போட்டுப் பார்த்தாள். நாற்பது, நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். செய்ய ஏதோ ஒன்று இருந்தது. ஒன்று முடிந்தால் அடுத்தது இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை மாமனார் வாசற்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா இருக்கும்போது நிக்கலையேம்மா?"

"இல்ல மாமா."

"கோடு போடும்போதும் நிக்கல."

"இல்ல."

"ஏத்தத்துல மட்டும் நிக்குது." சற்று யோசித்தார். "லேசா வயர் காயற வாசனை வருது. நேத்தே வந்துச்சு."

"நேத்தே ஏன் சொல்லல?"

"நீ வேலையா இருந்த."

அவள் குனிந்து முகர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. சில நாட்களாகவே அவளுக்கு எதிலும் வாசனை தெரியாமல்தான் இருந்தது.

ஏற்றத்தில் மட்டும் நிற்கிறது என்றால், அப்போதுதான் வேலைக்கு வருவது எது? படம் எடுக்கும்போது கிராபிக்ஸ் அட்டைக்குத்தான் வேலை அதிகம். அதற்கு மின்சாரம் கொடுப்பது பவர் சப்ளை. இரண்டில் ஒன்று. பவர் சப்ளையைச் சோதிக்க இணையத்தில் ஒரு வழி போட்டிருந்தார்கள். எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, பெரிய பட்டைப் பிளக்கில் பச்சைக் கம்பியின் துளையையும் கறுப்புக் கம்பியின் துளையையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்துச் சுவிட்சைப் போட வேண்டும். போட்டாள். பவர் சப்ளையின் விசிறி சுழன்றது.

"ஓடுது மாமா. அப்ப இது நல்லாத்தான் இருக்கு."

தாளில் அதை எழுதி ஒரு டிக் போட்டாள். கிராபிக்ஸ் அட்டையைக் கழற்றிவிட்டு ஓடவிட்டாள். நிற்கவில்லை. ஆனால் ஒரு படத்துக்கு ஏழு மணி நேரம் ஆகும் என்று காட்டியது. ஆக, கெட்டது அட்டைதான் என்று முடிவுகட்டினாள். அந்த அட்டையை மேசையில் வைத்து ஒரு பகல் முழுக்க அதன் மேல் பழி போட்டுவைத்திருந்தாள்.

அந்தப் பழியை நீக்கியவர் டெஸ்டர் அண்ணன். கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன். குளித்தாலும் சட்டைப் பையில் டெஸ்டரோடுதான் குளிப்பார் என்று குடியிருப்பில் பேச்சு. மாமனார்தான் படியிறங்கிப் போய் அவரைக் கூட்டிவந்தார். ஜெம் கிளிப் விஷயத்தைக் கேட்டதும் டெஸ்டர் அண்ணன் சிரித்துவிட்டார்.

"வீட்ல சும்மா ஈஸிசேர்ல உக்காந்திருக்கறவனப் பாத்து ஆள் நல்லா இருக்கான்னு சொன்ன மாதிரி இருக்கு. ஒரு மூட்டையத் தூக்கவிட்டுப் பாத்தீங்களா? அட்டைய மறுபடி மாட்டுங்க. வேலை செய்யும்போதுதான் அளக்கணும்."

மீட்டரை எடுத்தார். பெட்டிக்குள் எதிலும் செருகாமல் தொங்கிக்கொண்டிருந்த ஒரு நான்கு துளைப் பிளக்கைக் காட்டினார். மஞ்சள் கம்பியில் ஒரு முனை, கறுப்பில் ஒரு முனை. "மஞ்சள்ல பன்னெண்டு வோல்ட் வரணும். முன்னப்பின்ன இருக்கலாம். பதினொண்ணு புள்ளி நாலுக்குக் கீழ போகவே கூடாது." அவருக்கு வேறு இடத்தில் வேலை காத்திருந்தது. மீட்டரை விட்டுவிட்டு, சாயங்காலம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

அவள் முனைகளைப் பிடித்துக்கொண்டாள். மாமனார் மீட்டரைக் கையில் வாங்கிக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார்.

"பதினொண்ணு புள்ளி ஏழு."

அவள் இன்னொரு கையால் பொத்தானை அழுத்தினாள். விசிறிகள் இரைந்தன. அவர் நிறுத்தங்களின் பெயரைச் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"பதினொண்ணு புள்ளி அஞ்சு. மூணு. மூணுலயே நிக்குது. இப்ப ரெண்டு. ஒண்ணு. பத்து புள்ளி ஒன்பது..."

டக்.

திரை கறுத்தது.

"எறங்கிடுச்சு," என்றார் மாமனார்.

கம்பியைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கத்து நான்கு திருகாணிகளையும் கழற்றி அந்த இரும்புப் பெட்டியை வெளியே எடுத்தாள். கிராபிக்ஸ் அட்டைக்குப் போகும் கம்பி நேராகப் பவர் சப்ளையிலிருந்து வரவில்லை. நடுவில் ஓர் ஒட்டுக் கம்பி. நான்கு துளைப் பிளக்குகள் இரண்டை ஒன்றாக்கி அட்டைக்கு ஏற்றபடி மாற்றும் துண்டு. அதன் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுத்துப் பழுப்பாகியிருந்தது. அவள் அதை மாமனாரிடம் நீட்டினாள். மூக்கருகே கொண்டுபோய், "இதுதான்" என்றார்.

பவர் சப்ளையைத் திருப்பினாள். பக்கவாட்டில் சீட்டு ஒட்டியிருந்தது. 350 வாட். ஓரம் கிழிந்த, மஞ்சளடித்த சீட்டு.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு நாற்காலியைப் போட்டு ஏறி, பரணிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கினாள். வாங்கிய எதன் பெட்டியையும் அவன் எறியமாட்டான். பவர் சப்ளையின் பெட்டி இருந்தது. அதன் முகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு 650 என்று போட்டிருந்தது. அன்றைக்கு, "பாத்தியா, உன் வேலைக்கு இது யானை பலம்" என்று அவன் தூக்கிக் காட்டியது நினைவுக்கு வந்தது.

பெட்டியையும் அந்த இரும்பையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"மாமா, இது அது இல்ல."

அவர் மீட்டரின் கம்பிகளைச் சுற்றத் தொடங்கினார். சுற்றி முடித்து, பிரித்து, மறுபடி சுற்றினார்.

"நீ அக்கா வீட்டுக்குப் போயிருந்தேல்ல. அவங்களுக்குப் பித்தப்பைல ஆபரேஷன் ஆனப்ப."

"ஆமா. ரெண்டு நாள்."

"அந்த ஞாயித்துக்கிழமை இதத் திறந்தான். சர்வீஸ் பண்ணறேன்னான். வெளிச்சம் பத்தலன்னு என்னை டார்ச் பிடிக்கச் சொன்னான். ஒரு பொட்டியக் கழட்டினான். இன்னொரு பொட்டிய மாட்டினான். கழட்டினத ஒரு பனியன்ல சுத்தி உள்ள எடுத்துட்டுப் போனான். ஏன்டா மாத்தறேன்னு கேட்டேன். இதான் இப்ப நல்லதுப்பான்னான். எனக்கு என்னம்மா தெரியும்? நான் பிடிச்சிட்டு நின்னேன்."

அக்காவின் ஆபரேஷன் அவன் போவதற்கு இரண்டு வாரம் முந்தியது. அவள் திரும்பி வந்த மறுநாள்தான் கணினி முதல் தடவையாக நின்றது. அப்போது ஒரு தடவைதான். அவனிடம் சொன்னாள். "கரென்ட் ஏறி இறங்கியிருக்கும், விடு" என்றான். சொல்லிவிட்டு அன்றைக்கு அவளுக்குத் தலை வலிக்கிறது என்று தைலம்கூடத் தேய்த்துவிட்டான்.

"இத்தனை நாள் ஏன் சொல்லல மாமா?" கேட்டது கோபத்தில் இல்லை. தெரிந்துகொள்ளத்தான்.

"அவன் பேச்சையே இந்த வீட்ல எடுக்கக்கூடாதுன்னு இருந்தேன். எடுத்தா நீ..." மீட்டரைக் கீழே வைத்தார். "இப்ப நீ அதத் திருப்பினப்பதான் எனக்கு விளங்குச்சு."

அவள் போனை எடுத்தாள். அவன் போன நாளிலிருந்து அவள் அவனை அழைக்கவேயில்லை. மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"ஹலோ. நான் நெனச்சிட்டே இருந்தேன். எப்படி இருக்க? அப்பா எப்படி இருக்காரு?"

"கம்ப்யூட்டர்ல பவர் சப்ளைய மாத்தினீங்களா?"

அந்தப் பக்கம் ஏதோ அலுவலகத்தின் பிரிண்டர் ஓடும் ஓசை மட்டும் கேட்டது.

"அது... ஆமா. அங்க ஒண்ணு புதுசா செட் பண்ண வேண்டியிருந்துச்சு. உன் வேலைக்கு அவ்வளவு பெருசு தேவைப்படாதுன்னு கணக்குப் பண்ணிப் பாத்தேன். நிக்குதா என்ன?"

"நிக்குது."

"நான் வேணா அடுத்த மாசம் ஒண்ணு வாங்கி..."

"ஒட்டு வயர் கருகியிருக்கு. வீட்ல உங்கப்பா பகல்ல தூங்கறாரு. நான் அதை ஓடவிட்டுட்டுக் கடைக்குப் போவேன்."

"நான் அந்த அளவுக்கு யோசிக்கல. நம்பு, நான் வேணும்னு..."

"ஒட்டு வயர் போட்டு மாட்டும்போதே இது பத்தாதுன்னு உனக்குத் தெரியும்," என்றாள். "தெரியாம நீ மாட்டியிருக்க மாட்ட."

அவள் போனை வைத்தாள்.

டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. பதினோரு வருடத்தில் அவனை அவள் ‘நீ’ என்று சொன்னதில்லை. சண்டையிலும் சொன்னதில்லை. தானாக வாயில் வந்திருக்கிறது. அதை நினைத்து ஏதாவது தோன்றுகிறதா என்று தண்ணீரைத் திறந்துவிட்டபடி நின்று பார்த்தாள். தோன்றவில்லை. டம்ளரைக் கவிழ்த்துவைத்தாள்.

"கடையில ஒண்ணு வாங்கிடறேன் மாமா," என்றாள். அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவள் எழுந்தபோது அவர் சட்டை போட்டு, செருப்பு மாட்டி, தோளில் துணிப்பையோடு நின்றார். "ஒரு வேலையா வெளில போறேம்மா. மூணு மணிக்குள்ள வந்துடுவேன்." எந்த வேலை என்று அவள் கேட்கவில்லை. பத்து மணிக்கு அவளும் கடைத்தெருவுக்குப் போனாள். மூன்று கடைகளில் கேட்டாள். அந்த அளவுக்குக் கையிருப்பில் இல்லை, சொல்லிவைத்தால் திங்கட்கிழமை வரும் என்றார்கள். வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். பட்டறைக்காரருக்குப் போன் செய்து முடியாது என்று சொல்லிவிடலாம். அதற்கும் போனை எடுக்க வேண்டும்.

மூன்றேகாலுக்கு மாமனார் வந்தார். முகமெல்லாம் வேர்வை. துணிப்பையை மேசையில் வைத்து, உள்ளிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிரித்தார். கறுப்பு இரும்புப் பெட்டி. கம்பிகள் கொத்தாகத் தொங்கின. பக்கத்தில் 650.

அவள் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்க போனீங்களா?"

"ரெண்டரை மணி நேரம்தான். நான் ஓட்டின ரூட்டுதானே. அட்ரஸ் அவன் போகும்போதே எனக்குக் குடுத்துட்டுப் போனான்." நாற்காலியில் உட்கார்ந்தார். "அவன் இல்ல. வேலைக்குப் போயிட்டான். அந்தப் பொண்ணுதான் இருந்துச்சு."

அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"நான் யாருன்னு சொன்னேன். உள்ள கூப்பிட்டுச்சு. கம்ப்யூட்டர் எங்கம்மா இருக்குன்னு கேட்டேன். எதுக்குன்னு கேட்டுச்சு. சொன்னேன். என் மருமக சம்பாதிச்சு வாங்கின சாமான் ஒண்ணு அதுக்குள்ள இருக்கு, அதை எடுத்துட்டுப் போக வந்தேன்னு. அதுக்குத் தெரியாது. புதுசா வாங்கினதுன்னு சொல்லியிருக்கான்."

"அப்புறம்?"

"அதுவே போய் ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டு வந்துச்சு. ரெண்டு பேருமாக் கழட்டினோம். பிளாஸ்டிக் கட்டெல்லாம் காய் நறுக்கற கத்தியாலதான் அறுத்தேன். அந்தப் பெரிய பட்டைப் பிளக்கு இருக்கே, வரவே மாட்டேன்னுடுச்சு. அந்தப் பொண்ணு பெட்டியப் பிடிச்சுக்க, நான் இழுக்க."

"ஓரத்துல ஒரு கொக்கி இருக்கும் மாமா. அதை அமுக்கணும்."

"பாதி நாள் இழுத்தப்புறம்தான் அது தெரிஞ்சுது."

அவள் உதடு லேசாக இழுபட்டது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. கேட்க வேண்டாம் என்று நினைத்ததைக் கேட்டாள்.

"எப்படி இருந்தாங்க?"

"கண்ணாடி போட்டிருக்கு. சளி பிடிச்சிருக்கு, இருமிக்கிட்டே இருந்துச்சு." சற்று யோசித்து, "தண்ணி குடுத்துச்சு. குடிச்சேன். வெயில்ல போனது" என்றார், ஒப்புக்கொள்வது போல.

அவள் பெட்டியைக் கையில் எடுத்தாள். கனமாக இருந்தது. உட்கார்ந்து மாட்டத் தொடங்கினாள். நான்கு திருகாணி. பெரிய பட்டைப் பிளக், ‘கிளிக்’ என்று கொக்கி விழும்வரை. செயலிக்கு ஒன்று. வட்டுக்கு ஒன்று. கிராபிக்ஸ் அட்டைக்கு ஒட்டுக் கம்பி எதுவும் இல்லாமல் நேராக ஒன்று. டெஸ்டர் அண்ணன் மீட்டரை வாங்க இன்னும் வரவில்லை. மாமனார் மீட்டரைப் பிடித்துக்கொண்டார்.

"பன்னெண்டு புள்ளி ஒண்ணு."

அவள் பொத்தானை அழுத்தினாள். விசிறிகள் எழுந்தன.

"பன்னெண்டு. பன்னெண்டு. பன்னெண்டு." கொஞ்ச நேரத்தில் சொல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பச்சைப் பட்டை நாற்பத்தொன்றைத் தாண்டியது. ஐம்பதைத் தாண்டியது. இருபத்திரண்டு நிமிடத்தில் திரை முழுக்க ஒரு சமையலறை வந்து நின்றது. இளம்பச்சைக் கதவுகள், சன்னலோரம் வெயில், யாரும் இன்னும் தொடாத சிங்க்.

"அழகா இருக்கும்மா," என்றார். பிறகு அதே குரலில், "அந்த வீட்ல எனக்கு ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்காங்க. கட்டில் போட்டாச்சு. அந்தப் பொண்ணு காட்டுச்சு" என்றார்.

அவள் படத்தைச் சேமித்தாள்.

"அவங்க ரெண்டு பேரும் கூப்பிடறாங்க. நீயும் எத்தனை நாளைக்கு என்னை வச்சுக்குவ? உனக்கும் எனக்கும் நடுவுல இருந்தது அவன்தான். அவனே இல்லன்னா நான் இங்க யாரு?" மீட்டரை அணைத்தார். "நான் போகவா, இருக்கவா? நீ சொல்லு. ரெண்டுல எதுன்னாலும் நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

நல்லவிதமாகச் சொல்ல வேண்டிய இடம் அது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அந்தச் சொற்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. இருந்ததைச் சொன்னாள்.

"எனக்கு இப்ப எதுவுமே தோணல மாமா. யார் மேலயும் கோவம் இல்ல, பாசமும் இல்ல. இருங்கன்னு சொன்னாலும் மனசார சொல்ற மாதிரி வராது. உங்களுக்கு எங்க இருக்கணும்னு இருக்கு?"

"இங்க."

"அப்ப இருங்க. மத்தது வரும்போது வரட்டும்."

அவர் தலையாட்டினார். எழுந்து தன் அறைக்குப் போனார். சற்று நேரத்தில் ஃபேன் சுழலும் சத்தம் கேட்டது. அவள் இரண்டாவது சமையலறையைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று படங்களும் போய்ச் சேர்ந்தன. வீட்டுக்காரர்களில் ஒருவர் அடுப்பை எதிர்ச்சுவருக்கு மாற்றச் சொன்னார். மாற்றினாள். பழைய பவர் சப்ளையை டெஸ்டர் அண்ணன் வாங்கிக்கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே நான்கு கெபாசிட்டர்கள் தலை வீங்கிக் கிடக்கின்றன, இதற்கு மேல் உழைக்காது என்று சொல்லியனுப்பினார். அதற்குப் பிறகு கணவன் இரண்டு முறை போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. எடுக்கக்கூடாது என்று முடிவெடுத்து அல்ல. மணி அடித்தது, ஓய்ந்தது.

ஆறாவது மாதம் பிரிவுக்கான மனுவில் கையெழுத்துப் போடப் போனாள். மாமனாரும் வந்தார். அந்த அலுவலகத்தில் நீளமான ஒரு மேசை. அதன் இரண்டு பக்கமும் நாற்காலிகள். ஒரு பக்கம் அவள் உட்கார்ந்தாள். எதிர்ப் பக்கம் அவன் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். அப்பாவைப் பார்த்ததும் பாதி எழுந்து, பக்கத்து நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துவிட்டான்.

குமாஸ்தா பேரேட்டிலிருந்து தலை நிமிர்ந்து, நின்றுகொண்டிருந்த மாமனாரைப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

"பையனோட அப்பா."

"அப்ப அந்தப் பக்கம் உக்காருங்க."

"இல்லீங்க," என்றார் மாமனார். "நான் இவங்க கூட வந்தேன்."

அவள் தன் கைப்பையைப் பக்கத்து நாற்காலியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்தார். குமாஸ்தா தாள்களைத் திருப்பி, எங்கெங்கே கையெழுத்து என்று பென்சிலால் குறித்துக் கொடுத்தார்.